அபயாம்பாளைப் பார்க்கப் போனோம்

பக்கத்தின்மேல் தென்னை நிழல்கள் ஓடுகின்றன, ஒரு வெளிச்சம், ஒரு நிழல், மறுபடி ஒரு வெளிச்சம், வெளிச்சம் நிற்கிற நேரத்துக்குள் இரண்டு சொல்லைப் படித்துவிட வேண்டும், மூன்றாவது சொல்லை நிழல் மூடிவிடுகிறது, கொடுமுடி தாண்டிவிட்டதா என்று தலையைத் தூக்கினால் வரி தவறிப்போகிறது, தவறிய வரியைத் தேடிக்கொண்டு திரும்பினால் ஏற்கெனவே படித்ததையே புதிதாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. எதிர் இருக்கையில் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார், கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் வெகுநேரமாக என் தோளுக்கு மேலாக என் புத்தகத்தைப் படித்துக்கொண்டு வருகிறாள், என்னைவிட வேகமாகப் படிக்கிறவள், பக்கத்தை முடித்துவிட்டு நான் எப்போது திருப்புவேன் என்று பெருமூச்சு விடுகிறாள், ரயிலில் புத்தகம் திறந்தவர்களுக்கு இதெல்லாம் பழக்கம், பேப்பர் வாங்கினால் நடுத்தாள் நமக்குச் சொந்தமில்லை, வாரப்பத்திரிகை வாங்கினால் அது பெட்டி முழுக்கச் சுற்றிவிட்டு நாம் இறங்கும் நேரத்தில் அட்டை இல்லாமல் திரும்பி வரும், எனக்கு அதில் வருத்தமே கிடையாது, இந்தா கண்ணு, நீயே மடியில வச்சுக்க, நான் வெளிய பாக்கறேன் என்று கொடுக்கிறேன், ஐயோ வேண்டாங்கக்கா என்று சொல்லிக்கொண்டே அவள் வாங்கிக்கொள்கிறாள்.

கை காலியானால் மனசு ஊர் சுற்றக் கிளம்பிவிடும், எனக்கு எப்போதும் அப்படித்தான். புறப்படும்போது துணிமணிக்கு முன்னால் புத்தகங்களைத்தான் எடுத்து வைப்பேன், ஒரு கல்யாணத்துக்குப் போய்வர எதற்கடி மூட்டை என்று கேட்டவர்கள் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள், காசிக்குக் கொண்டுபோன ஐந்து புத்தகங்களில் ஒன்றைக்கூடத் திறக்காமல் அப்படியே கொண்டுவந்து அலமாரியில் வைத்திருக்கிறேன், அவையும் பாவம் கங்கையைப் பார்க்கட்டும் என்றுதானே எடுத்துப் போனேன், ராமேஸ்வரத்தில் படித்த புத்தகத்தை இன்றைக்குப் பிரித்தாலும் மடியில் மணல் கொட்டும், சிம்லாவில் குளிர் தாங்காமல் போர்வைக்குள் படித்த நாவலில் கடும் கோடை, அந்தக் கோடையில் குளிர் காய்ந்துகொண்டு கிடந்தேன், படித்த ஊருக்கு நேரில் போனால் ஊர் வேறு மாதிரி இருக்கும், ஆறு சின்னதாக இருக்கும், கோபுரம் இருக்க வேண்டிய பக்கத்தில் பெட்ரோல் பங்க் இருக்கும், முதல் கொஞ்ச நேரம் கோபம் வரும், பிறகு அந்த ஊரும் வேண்டும் இந்த ஊரும் வேண்டும் என்று இரண்டையும் வைத்துக்கொள்வேன், ஒரு டிக்கெட்டில் இரண்டு ஊர், யாருக்குக் கிடைக்கும். எத்தனையோ இடம் போயிருக்கிறாயே, எது பிடித்தது என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பெயர் அவர்களுக்குத் தெரியாது, மாயவரத்துக்கு அந்தப் பக்கம் கொன்றைவாசல் என்று ஒரு ஊர், அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது, ஒரு வாய்க்காலும் டீக்கடையும் இரண்டு தெருவும்தான், கல்யாணமான புதிதில் இதோ வாயைத் திறந்து தூங்குகிற இந்த மனுஷன்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கல்யாணமே ஒரு நாவலின் நடுவில்தான் வந்தது. கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் தெருமுனை நூலகத்தில் எடுத்த தடித்த நாவல், பாதிகூடப் படித்திருக்கவில்லை, அதற்குள் சென்னிமலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பூ வைத்தார்கள், தேதி குறித்தார்கள், நூலகத்துக்காரர் அந்தப் புத்தகத்தை நீயே வச்சுக்கம்மா, சீரோட சீரா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார், அதைப் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒளித்துக்கொண்டுதான் சென்னிமலைக்கு வந்தேன். ஒளித்ததற்குக் காரணம் இருந்தது, என் அக்கா வள்ளியாத்தாவும் என்னைப் போலப் படிப்புப் பைத்தியம், அவள் வீட்டுக்காரர் ஒரு நாள் சோறு குழைந்துபோனதற்காக அவளுடைய புத்தகங்கள் அத்தனையையும் எடுத்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டார், அந்தத் தண்ணீரிலேயே குளித்துவிட்டு வேலைக்கும் போனார், அதன் பிறகு அக்கா பொட்டலம் மடித்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிப்பதில்லை, ஏனக்கா என்று கேட்டால், படிச்சு என்னத்தப் பண்ண என்பாள், அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும். எனக்கு நகை நட்டு எதுவும் குறைந்தால் பரவாயில்லை, அடி விழுந்தால்கூட வாங்கிக்கொள்வேன் என்று தோன்றியது, இந்த ஒன்றை மட்டும் பிடுங்கிவிடக் கூடாது, பிடுங்கிவிட்டால் நானும் அக்காவாகிவிடுவேன், தாலி கழுத்தில் ஏறும்போது நான் வேண்டிக்கொண்டது இதைத்தான்.

சென்னிமலை வீட்டில் விடிந்தால் தறிச் சத்தம், முன்கட்டில் நாலு தறி, போர்வை நெய்வார்கள், அத்தை, அதாவது அவருடைய அம்மா, நாள் முழுக்க ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருப்பார், சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளைக் கண்டால் அத்தைக்கு ஆகாது, புத்தகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அவர் கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான், ஒரு முறை மட்டும் என் கையில் பார்த்துவிட்டு, அதென்ன கண்ணு, பரிச்சைக்கா என்று கேட்டார், நான் இல்லீங்கத்தை என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் அரிசி வேகும் நேரம், துணி ஊறும் நேரம், இப்படித் திருடிய நேரத்தில் படிப்பேன், படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும், பழைய அக்கா பக்கத்தில் இருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன், இங்கே யார் இருக்கிறார்கள், ராத்திரி அவர் சாப்பிட உட்காரும்போது அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன், எப்படி ஆரம்பித்தேன் என்றால், இன்னைக்கு அபயாம்பாள் நெம்ப அழுதுட்டாங்க என்று ஆரம்பித்தேன், நாவலின் நடுப்பக்கத்தில் இருந்தவள் நடுப்பக்கத்திலிருந்துதானே சொல்ல முடியும், இது ஒரு நாவல், இன்னார் எழுதியது என்றெல்லாம் முன்னுரை சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை, அபயாம்பாள் எனக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தாள். கொன்றைவாசலில் வாய்க்கால் ஓரமாக வீடு, புருஷன் செத்துப்போனான், கூடப் பிறந்த அண்ணன் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் விரட்டிவிட்டான், ஊரில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அடடா என்பார் அவர், சோற்றைப் பிசைந்துகொண்டே, அவங்கண்ணன் என்ன மனுசன் என்பார், அவ்வளவுதான் பேசுவார், புது மனைவியின் மனுஷர்களைப் பற்றி யார் எவர் என்று துருவிக் கேட்பது மரியாதையில்லை என்று அவர் நினைத்தது எனக்கு எப்படித் தெரியும். நான் என்னவோ, கதை கேட்கும் புருஷன் கிடைத்தான் என்று சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன்.

நாவல் முடிந்த அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை, அபயாம்பாள் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாய்க்கால் கரையில் இறங்கி நடக்கிறாள், அவ்வளவுதான், எழுதியவர் அதற்கு மேல் ஒரு வரி சொல்லவில்லை, கடைசிப் பக்கத்துக்குப் பிறகு விலைப்பட்டியல் இருக்கிறது, அதையும் புரட்டிப் பார்த்தேன், அவள் இல்லை. என்ன புள்ள, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது என்று அவர் கேட்டார், அபயாம்பாள் ஊட்டப் பூட்டிட்டு எங்கயோ போயிட்டாங்க, எங்க போனாங்கன்னே தெரியலீங்க என்று சொல்லும்போது மறுபடி அழுகை வந்துவிட்டது, அவர் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல், தறிக்கு ரெண்டு நாளு லீவு உட்டுப்போட்டு அந்த ஊருக்குப் போயிப் பாத்துட்டு வந்தரலாம் என்றார். எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது, நாவலில் வரும் ஊரைப் பெண்டாட்டிக்குக் காட்டக் கூட்டிப்போகிற ஆண்பிள்ளை உலகத்தில் உண்டா, அக்காவிடம் சொன்னால் நம்புவாளா, அத்தை வேறு ஒரு பையில் நாட்டுச் சர்க்கரையும் புதுப் போர்வை ஒன்றும் வைத்துக் கொடுத்து, வெறுங்கையோட போகாதீங்க என்றார், கும்பகோணத்தில் எங்கள் போர்வை வாங்கும் கடை ஒன்று உண்டு, அந்த முதலாளிக்குப் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த ரயில் இந்த ரயிலைவிட மெதுவாகப் போகிறது, கரிப்புகை கண்ணில் விழுகிறது, கரூர், குளித்தலை, திருச்சியில் இறங்கி வேறு வண்டி, தஞ்சாவூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் பச்சை, நான் பிறந்த ஊரிலும் பச்சை உண்டு, இது படித்த பச்சை, ஒவ்வொரு வாய்க்காலையும் எனக்கு அடையாளம் தெரிகிறது, இதுவா, இல்லை அதுவா என்று ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவர் என்னையே பார்த்துக்கொண்டு வருகிறார், பயப்படாத, ஒண்ணும் ஆயிருக்காது என்கிறார், எதற்கு அப்படிச் சொல்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது, புது வாய்க்கால் ஒன்று வந்தது, கேட்க மறந்துவிட்டேன். மாயவரம் பஸ் நிலையத்தில் ஒரு பஸ்ஸின் நெற்றியில் கொன்றைவாசல் என்று பெயிண்டில் எழுதியிருந்தது, அச்சில் பார்த்த பெயர் தகரத்தில் எழுதி நிற்பதை எழுத்துக்கூட்டி இன்னொரு தரம் படித்தேன், எழுதியவர் இட்டுக்கட்டிய ஊராக இருக்குமோ என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது, வா புள்ள, எடம் புடிக்கோணும் என்று அவர் என் கையைப் பிடித்து இழுத்தார், நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

ஊருக்குள் இறங்கியதும் அவர் நேராக டீக்கடைக்குப் போனார், நான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஏனுங்க, இங்க அபயாம்பாள்னு ஒருத்தர் ஊடு எதுங்க என்று அவர் கேட்பது காதில் விழுகிறது, சிரிப்பு வந்தது, எனக்காக விளையாடுகிறார் என்று நினைத்தேன், ஆனால் அவர் விளையாடுகிற ஆள் இல்லையே, கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, எந்த அபயாம்பாங்க, மாயவரத்து அம்மன் பேராச்சே, தெருவுக்கு ரெண்டு பேரு இருக்காங்க என்றார், தனியா இருக்கறவிங்க, அண்ணன் தொரத்தி உட்டுட்டாரே அந்தம்மா, வாய்க்கால் ஓரமா ஊடுங்க என்று இவர் சொல்கிறார், குரலில் சிரிப்பு இல்லை, கவலைதான் இருக்கிறது, அப்போதுதான் எனக்குச் சர்க்கரைப் பை, போர்வை, பயப்படாத என்று சொன்னது, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து புரிந்தது, ஐயோ, இந்த மனுஷன் அத்தனை நாளும் அபயாம்பாள் என்று ஒருத்தி உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்துத்தான் அடடா அடடா என்றிருக்கிறார். வாய்க்கால் ஓரம்னா பந்தக்காரர் வூட்டு அபயாம்பாதான், அதோ ஓட்டு வூடு என்று கடைக்காரர் கையைக் காட்டிவிட்டார், ஏனுங்க நில்லுங்க, ஒரு நிமிசம் நில்லுங்க என்று நான் பின்னால் ஓடுகிறேன், தறி மிதித்த கால்கள், அவர் ஒரு எட்டு வைத்தால் நான் மூன்று எட்டு வைக்க வேண்டும், நான் போய்ச் சேர்வதற்குள் அவர் வாசலில் நின்றுவிட்டார்.

உள்ளேயிருந்து வந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும், முகம் நிறைய மஞ்சள், முழங்கை வரை மாவு, உள்ளே யாரையோ சத்தம் போட்டுக்கொண்டே வந்தாள், நான் கண்ணீர் விட்ட அபயாம்பாள் மெலிந்தவள், மெல்லப் பேசுகிறவள், இவளைப் பார்த்தால் அண்ணனை இவள்தான் விரட்டியிருப்பாள் என்று தோன்றும், அவர் பையைக் கீழே வைத்தார், கை கூப்பினார், அம்மா, நீங்க எதுக்கும் கவலப்படாதீங்க, ஊட்டப் பூட்டிப்போட்டு எங்கயும் போயராதீங்க, அண்ணன் தொரத்தி உட்டா யாருமில்லைன்னு நெனைக்காதீங்க, நாங்க இருக்கறோமுங்க, எப்ப வேணாலும் எங்கூட்டுக்கு வந்து இருக்கலாமுங்க, எங்கம்மாவும் சொல்லச் சொன்னாங்க என்று ஒரே மூச்சில் சொன்னார், அதுவரை அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை, வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். அந்தம்மா அவரைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், யாரு தம்பி நீங்க, எனக்கு அண்ணனே கெடையாதே என்கிறாள், அவர் என் பக்கம் திரும்பி, ஏம்புள்ள, இவிய இல்லியா என்று கேட்கிறார், அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும், வீட்டுக்குள்ளிருந்து மருமகள், பிள்ளைகள், கட்டிலில் கிடந்த அவள் புருஷன் பந்தல்காரர், எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள், அவங்க பொஸ்தகத்துல வர்றவங்க, நெசத்துல யாருமில்லீங்க, கதைங்க என்று சொன்னேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவருக்குக் கேட்டுவிட்டது.

முதலில் மருமகள்தான் சிரித்தாள், பிறகு பிள்ளைகள், பந்தல்காரர் இருமிக்கொண்டே சிரித்தார், சிரிப்பு அடங்கினால் இன்னொருத்தர் ஆரம்பித்தார், என் வீட்டுக்காரர் முகம் தறியில் போட்ட வெள்ளைப் பாவு நூல் மாதிரி வெளுத்துவிட்டது, நான் செத்தேன் என்று நினைத்தேன், இந்த மானக்கேட்டுக்கு வெந்நீர் அடுப்பு போதாது. அபயாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள், குனிந்து அந்தப் பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள், சும்மா இருங்க எல்லாரும் என்று ஒரு அதட்டல் போட்டாள், வீடு நெறைய சனம் தம்பி, அத்தன பேருக்கும் நான்தான் ஒல வைக்கிறேன், கவலப்படாத, நாங்க இருக்கோம்னு இந்த வூட்டுல ஒருத்தர் எனக்குச் சொன்னதில்ல, நீங்க யாருக்குக் கொண்டாந்த வார்த்தையோ, நான் வச்சுக்கறேன், திருப்பித் தர மாட்டேன் என்றாள், சொல்லும்போது அந்த மஞ்சள் முகம் ஒரு மாதிரி கோணிற்று, உடனே சரியாகிவிட்டது, உள்ள வாங்க, சாப்பிடாம போவக் கூடாது என்றாள், நல்ல சாப்பாடு போட்டாள், கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, அவர் இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. எத்தனையோ புத்தகங்களில் எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள், அதில் ஒன்றுகூட எனக்கென்று எழுதியது இல்லை, யாருக்கோ சொன்னதைத்தானே நானும் எடுத்து வைத்துக்கொண்டேன், அபயாம்பாள் சொல்லித்தான் அது எனக்குத் தெரிந்தது, அவளை நினைத்தால் இப்போதும் கை கூப்பத் தோன்றுகிறது.

திரும்பும் வண்டியில் அவர் பேசவில்லை, கும்பகோணம் போயிற்று, தஞ்சாவூர் போயிற்று, திருச்சியில் வண்டி மாறினோம், டீ வாங்கிக் கொடுத்தார், ஒரு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது, குளித்தலை பக்கம் வரும்போது, ஏம்புள்ள, அப்ப அந்தக் கஷ்டத்த நெசமா யாரும் படலையில்ல என்று கேட்டார், இல்லீங்க என்றேன், நல்லதாப் போச்சு என்றார், அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை, அழுது அழுது படித்த எனக்கு ஒரு நாளும் அப்படி நினைக்கத் தோன்றியதில்லை. அத்தை கேட்டா என்னங்க சொல்றது என்றேன், அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன் என்று கண்ணை மூடிக்கொண்டார், அது போதும் என் தூக்கம் போக, ஏனென்றால் அவருக்குப் பொய் சொல்ல வராது, சந்தையில் போர்வை விற்கும்போதே, இந்தா, இந்த எடத்துல ஒரு இழை உட்டுப்போச்சுங்க என்று விரலை வைத்துக் காட்டிவிட்டுத்தான் விலை சொல்வார், அத்தைக்கு அது பெருமை, என் மகன் வாயில் பொய் வராது என்று ஊரெல்லாம் சொல்வார், அந்த மகனை ஒரு கட்டுக்கதைக்காகத் தறியை நிறுத்தி, ஊர் ஊராக அலையவிட்டு, யார் வீட்டு வாசலிலோ சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தவள் நான், அத்தை அந்த நாவலைத் தேடி எடுக்க எவ்வளவு நேரமாகும், பட்டுப்புடவைக்கு அடியில் கையை விட்டால் வந்துவிடும், கரூர் வந்தது, கொடுமுடி வந்தது, ஊர் வரவர எனக்குள் அக்காவின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

வீட்டு வாசற்படியில் நிற்கிறேன், கையில் துணிப்பை, உள்ளே அத்தை ராட்டைக்கு முன்னால், நூலை விடாமல் தலையை மட்டும் திருப்பி, வந்துட்டீங்களா சாமி, அந்தப் புள்ளையப் பாத்தீங்களா, எப்படியிருக்கறா என்று கேட்கிறார், என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார், சொம்புத் தண்ணீரைக் குடிக்கிறார், முழுச் சொம்பையும் குடிக்கிறார், வாயைத் துடைத்துக்கொள்கிறார், பாத்தமுங்மா, நல்லாருக்கறாங்க என்கிறார், அப்பறம் ஊட்டப் பூட்டிட்டு எங்கதான் போனாளாமா என்று அத்தை கேட்கிறார், மாட்டத் தேடித்தானுங்மா போயிருக்கறாங்க, சென மாடு, கவுத்த அத்துக்கிட்டு ஓடிப்போச்சாமா, வாய்க்கா கரையிலயே தேடிக்கிட்டுப் போயிருக்கறாங்க என்கிறார், அந்த நாவலில் மாடே கிடையாது, அடப்பாவமே, கெடச்சுதா என்கிறார் அத்தை, கெடச்சுதுங்மா, ஒரு வாழத் தோப்புக்குள்ள நின்னுக்கிட்டிருந்துதாமா, அங்கயே கன்னும் போட்டிருச்சு, தனி ஆளு, கன்னத் தூக்க முடியாம நிக்கறப்ப அந்தப் பக்கமா அவங்கண்ணன் வந்திருக்கறாரு, நின்னு பாத்திருக்கறாரு, ஒண்ணும் பேசல, கன்னத் தூக்கித் தோளுமேல போட்டுக்கிட்டு முன்னால நடக்கறாரு, மாடு அவரு பின்னால போகுது, இவிய மாட்டுக்குப் பின்னால போறாங்க, அத்தை நூலைப் பிடித்தபடி, கன்னு கெடாரியா, காளையா என்கிறார், கெடாரிங்மா, நல்ல செவல என்கிறார் அவர், கொஞ்சமும் தடுமாறாமல், என் பக்கம் திரும்பாமல், ராட்டை மெல்ல நின்றுபோகிறது, நான் பையைப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போய், அத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, அப்பறம் என்னாச்சுங்க என்று கேட்கிறேன்.